அடிப்பிடிக்கிற நேரம்

வரட்டும். வாறன் எண்டு சொன்னவன்தானே, வரட்டும். பின்னேரம் வந்து சாருவைக் கூட்டிக்கொண்டு போறன் மாமா எண்டு ஃபோனிலை சொல்லுறான், ஏதோ திருத்தக் குடுத்த காரை எடுக்க வாறவன் மாதிரி. நான் என்ன சொன்னனான்? ம் எண்டனான். நான் பெத்த பிள்ளையின்ரை கையை முறிச்சவன் எடுத்துக் கதைக்கிறான், மருமோன் எண்ட மரியாதைக்கு ஒரு ம் சொல்லிப்போட்டு ஃபோனை வைச்சிட்டன். அந்த ம் இன்னும் தொண்டைக்குள்ளை மீன்முள்ளு மாதிரி நிக்குது. சரி, அதை விடு, நெருப்பைப் பார், நெருப்பு தணியுது. அடுப்புக் கதவைத் திறந்து ரெண்டு விறகை உள்ளுக்கு எறியிறன். எறியேக்கை அது விறகில்லை, அவன்ரை முழங்கை. மற்றது அவன்ரை முழங்கால். நல்லாக் காய்ஞ்ச மேப்பிள் விறகு, போன வருசம் பிளந்து அடுக்கினது, உடனை பத்துது. பின்வளவிலை பாதிப் பனி இளகிச் சேறு, மிச்சம் இன்னும் கட்டிகட்டியாக் கிடக்கு. மார்ச் மாதத்துக் குளிர், ராவிலை உறைஞ்சு பகலிலை இளகினால்தான் மரம் தண்ணி விடும். வாளி வாளியா அந்தத் தண்ணியைச் சேத்து இந்த அடுப்பிலை வத்தக் காய்ச்சினால் பாணி. இஞ்சத்தைச் சனம் சிரப் எண்ணும். எங்கடை ஊர்ச் சனத்துக்குப் பாணி. காலமையிலையிருந்து நிண்டு காய்ச்சிறன், தாச்சியிலை இப்ப பொன்னிறமா வந்திட்டுது, இனித்தான் கவனம். தண்ணியாக் கொதிக்கேக்கை நீ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம், அது தன்ரை பாட்டிலை கொதிக்கும். பதம் கிட்டினாப் பிறகு கண் வெட்டக் கூடாது. கண் வெட்டினால் பொங்கும், பொங்கினது வழிஞ்சால் தாச்சி வறளும், வறண்டால் அடிப்பிடிக்கும். பிடிச்சால் பிறகு ஒண்டும் செய்யேலாது, அவ்வளவு பேயுழைப்பும் கரி.

முதல் முதல் இந்த அடுப்பைக் கட்டேக்கை நான் தனியத்தான் கட்டினனான். டொரண்டோவிலை மாடிக்கட்டடத்திலை இருந்து இருந்து மூச்சு முட்டி, ஃபாக்டரி வேலையை விட்ட கையோடை இந்தப் பழைய வீட்டை வாங்கி வந்த வருசம். வீட்டுக்குப் பின்னாலை இவ்வளவு மேப்பிள் நிக்குது, சும்மா விடுறதோ எண்டு விசர் பிடிச்சுது. ஒரு எண்ணெய்ப் பீப்பாவை நீட்டுக்குப் படுக்க வைச்சு, மேல்பக்கத்தை வெட்டி, பக்கத்திலை புகைக்குழாய் பூட்டி, மேலை மூண்டு ட்ரே. கலியாண மண்டபத்திலை சோறு கறி சூடா வைப்பினமே, அந்த ட்ரே. சாருவின்ரை கலியாணத்துக்குச் சமைச்ச பெடியன் பழசுகளைத் தந்தவன். மகளின்ரை கலியாணத்திலை கத்தரிக்காய்க் கறி இருந்த ட்ரேயிலை நான் பாணி காய்ச்சினன். புகை முழுக்க மூஞ்சையிலை. கண்ணீர் ஓட ஓட நிண்டு ஊதினன். அதுக்கு மேலை ஒரு பேய்வேலை பாத்தன். எங்கடை ஊரிலை பனையிலை கருப்பநீர் இறக்கிறதுக்கு முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசுவினம், பூசாட்டில் புளிச்சுக் கள்ளாப் போயிடும். நான் அதை நினைச்சுக்கொண்டு தமிழ்க் கடையிலை வெத்திலைச் சுண்ணாம்பு வாங்கி, மேப்பிள் மரத்திலை கட்டின அவ்வளவு வாளிக்கும் வடிவாப் பூசிவிட்டன். மேப்பிளுக்குச் சுண்ணாம்பு! இந்தக் குளிருக்குள்ளை எதடா புளிக்கப் போகுது? காய்ச்சி வத்தினாப் பிறகு பாத்தால் கறுத்து, சவுக்காரம் மாதிரி ஒரு மணம். மருமோன் ரஜீபன் ஒரு கரண்டி வாயிலை வைச்சிட்டுத் துப்பினான், துப்பிப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். மாமா, பாக்கையும் வெத்திலையையும் போட்டிருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு குடுத்திருக்கலாமே எண்டான். பிறகு போற வாற பிறந்தநாள் விழா எல்லாத்திலையும் அவனுக்கு இதுதான் கதை. நானும் சேந்து சிரிச்சனான். பகிடி விடுற மருமோன் கிடைக்கிறதும் ஒரு குடுப்பினைதான் எண்டு நினைச்சனான். மார்ச் மாதம் வந்தால், என்ன மாமா, உங்களுக்குக் காய்ச்சல் துவங்கிட்டுதோ எண்டு ஃபோன் எடுப்பான். ஓமடா தம்பி காய்ச்சல்தான் எண்டு நானும் சொல்லுவன். ஒருநாள் அந்தச் சுண்ணாம்புக் கதைக்குச் சாரு வாய்விட்டுச் சிரிச்சுப்போட்டு, நீங்கள் மட்டும் பெரிய திறமோ, போன கிழமை அடிச்ச பெயிண்டைப் பாக்கேல்லையோ எண்டு அவனைப் பாத்துக் கேட்டாள். அவன் சிரிச்சான். வாய் சிரிச்சுது. பிறகு காரிலை ஏறேக்கை அவள் ஒரு கதையும் இல்லாமல் ஏறினாள். நான் கண்டனான். கண்டுபோட்டு, குளிருக்கு நடுங்குது பிள்ளை எண்டு நினைச்சனான். மோட்டுக் கண்.

அகப்பையாலை ஒருக்காக் கோலிப் பாக்கிறன். இன்னும் துளித்துளியாத்தான் விழுது. பதம் வந்தால் துளியா விழாது, அகப்பை விளிம்பிலை பாவாடைக்கரை மாதிரித் தொங்கும். இன்னும் கொஞ்ச நேரம். இந்தத் தாச்சி அவன் செய்தது. பொய் சொல்லக் கூடாது, கைவேலை தெரிஞ்சவன். வெல்டிங்தான் அவனுக்குத் தொழில். உந்த ட்ரேயைத் தூக்கி எறியுங்கோ மாமா எண்டு சொல்லி, துருப்பிடிக்காத இரும்புத் தகடு கொண்டுவந்து, அகலமா, பதிவா, உள்ளுக்கு மூண்டு தடுப்பு வைச்சு, ஒரு பக்கத்தாலை பச்சைத் தண்ணி விட மற்றப் பக்கத்தாலை பாணியா வாற மாதிரி ஒட்டித் தந்தான். புகைக்குழாயை என்ரை உயரத்துக்கு மேலை இன்னொரு ஆள் உயரத்துக்கு ஏத்தினான், புகை கண்ணை விட்டுது. உள்ளுக்குச் சூடு தாங்கிற செங்கல் அடுக்கினான். பீப்பாவின்ரை அடியிலை காத்தடிக்கிற ஒரு சின்ன ஊதி பூட்டினான், நெருப்பு உறுமத் துவங்கிச்சுது. ஒவ்வொரு வருசமும் ஒண்டு கூட்டினான். இந்த அடுப்பிலை என்ரை எண்டு சொல்ல என்ன கிடக்கு? பீப்பாவும் சுண்ணாம்புக் கதையும்தான். சனியன், எங்கை தொட்டாலும் அவன்ரை கை. ஒண்டு மட்டும் அவன் செய்யேல்லை. தாச்சிக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கைபிடி ஒட்டினவன், அதுக்கு மரம் போட்டுத் தாடா தம்பி, இரும்பு சுட்டுப்போடும் எண்டு நான் எத்தினை தரம் கேட்டிருப்பன். கையுறை போடுங்கோ மாமா, அது காணும் எண்டான். சுடுறது மற்றவன்ரை கை எண்டால் அவனுக்கு எல்லாம் காணும். வேலை செய்யேக்கை சாரு தேத்தண்ணி கொண்டந்து குடுப்பாள். வையும், வாறன் எண்ணுவான். நீரும் குடியும் எண்ணுவான். என்ரை மனிசி அரசிக்கு அதிலை ஒரு பெருமை. பாருங்கோ, மருமோன் பெஞ்சாதியை நீர் எண்டுதான் கதைக்கிறார், வாய் தவறியும் நீ எண்டு வராது எண்டு தன்ரை தங்கச்சிமாருக்கெல்லாம் ஃபோனிலை சொல்லுவாள். நீர். நீர் வாரும். நீர் இரும். நீர் கையைத் தாரும், முறிப்பம்.

கையை முறுக்கி, குசினிக் கதவு நிலையோடை வைச்சு அடிச்சிருக்கிறான். எதுக்கு? கறிக்கு உப்புக் கூடினதுக்கோ? இல்லை. அவன்ரை சிநேகிதன்மாருக்கு முன்னாலை அவன் சொன்ன ஒரு கணக்கைப் பிழை எண்டு சொல்லிப்போட்டாளாம். அவ்வளவுதான். வந்த ஆக்கள் போகும்வரைக்கும் சிரிச்சுக்கொண்டு இருந்திட்டுப் பிறகு கதவைப் பூட்டினவனாம். கை வீங்கி யானைக்கால் மாதிரி வர, சோஃபாவிலை இருந்து டிவி பாத்துக்கொண்டு, ஒண்டும் இல்லை, ஐஸ் வையும், சரியாப் போயிடும் எண்டவனாம். விடியும்வரைக்கும் ஐஸ் வைச்சிருக்கிறாள் என்ரை பிள்ளை. விடிஞ்சாப் பிறகு ஒரு டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய், படியிலை விழுந்திட்டன் எண்டு சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு, அங்கையிருந்துதான் எனக்கு எடுத்தாள். நான் காரிலை போய்க் கூட்டி வந்தன். பொலிசுக்குச் சொல்லுவம் எண்டன். வேண்டாமப்பா எண்டாள். அதோடை சரி. அரசி என்ன சொல்லுறாள் தெரியுமோ? ஒருக்காத்தானே கை நீட்டினவர், அதுக்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதோ எண்டுறாள். கை நீட்டினதாம்! என்ன, பிச்சைக்கோ கை நீட்டினவன்? கோயில் வாசலிலை நிண்டோ நீட்டினவன்? அடிச்சவன் எண்டு சொல்லடி, முறிச்சவன் எண்டு சொல்லடி எண்டு கத்தினன். மெல்லமாக் கதையுங்கோ, பிள்ளைக்குக் கேக்கும் எண்டாள். பிள்ளைக்குத் தெரியாத விசயமோ இது? அந்தக் கோவத்தோடை வந்து கோடாலியைத் தூக்கினனான், அரை வளவு விறகு பிளந்திட்டன். ஒவ்வொரு குத்தியிலையும் அவன்ரை மூஞ்சை. நடு நெத்தியிலை ஒண்டு. பிளந்து ரெண்டாப் போனாலும் ஆறேல்லை, பிளந்ததைத் திருப்பி வைச்சு இன்னொண்டு. லேசிலை கோவம் வாற ஆள் நானில்லை, ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், பஸ்ஸிலை காலை மிதிச்சவனிட்டையும் சொறி சொல்லுற ஆள். எனக்குள்ளை இப்பிடி ஒருத்தன் பல்லைக் கடிச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் இருந்திருக்கிறான் எண்டது எனக்கே பயமாக் கிடக்கு.

கொதி மாறுது. சத்தத்திலை தெரியும். தண்ணிக் கொதி சலசலக்கும், பாணிக் கொதி களக் களக் எண்டு பாரமாச் சத்தம் போடும். கோலிப் பாக்கிறன், ரெண்டு துளி சேந்து தொங்கப் பாக்குது. இந்தச் சூடு வெறும் சுடுதண்ணிச் சூடில்லை. சுடுதண்ணி பட்டால் வழிஞ்சு ஓடிடும். பாணி ஓடாது. பட்ட இடத்திலை ஒட்டிக்கொண்டு நிண்டு தோலைத் திண்ணும். ஒருக்கா ஒரு சொட்டு என்ரை மணிக்கட்டிலை விழுந்து, அந்த வடு இன்னும் கிடக்கு. ஒரு சொட்டுக்கு அவ்வளவு எண்டால் ஒரு அகப்பைக்கு எவ்வளவு? வாசலாலை வருவான், இதிலைதான் வந்து நிப்பான், தாச்சியைப் பாக்காமல் போகமாட்டான், குனிஞ்சு பாப்பான். அப்ப ஒரு அகப்பை. மூஞ்சையிலை. கண்ணிலை. அந்தச் சிரிக்கிற வாயிலை. கத்தட்டும், பனிக்குள்ளை உருளட்டும், நான் குனிஞ்சு சொல்லுவன், ஒண்டும் இல்லைத் தம்பி, ஐஸ் வையும். சரி, பிறகு? பிறகு பொலிஸ் வரும், என்னைக் கொண்டு போகும், போகட்டும், இந்த வயசிலை எனக்கு எங்கை இருந்தால் என்ன? அது பயமில்லை. எனக்குப் பயம் வேறை. சாருவைத் தெரியும் எனக்கு. சின்னனிலை, தன்னைக் கடிச்ச நாயின்ரை காலிலை முள்ளுக் குத்தினதைப் பாத்திட்டு, பக்கத்திலை குந்தி முள்ளு எடுத்தவள். நான் அவனை எரிச்சால், அவள் கட்டுப் போட்ட கையோடை அவன்ரை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலை போய் இருந்துபோடுவாள். பிறகு ஒருநாளும் எழும்பமாட்டாள். நானே பிடிச்சுக் குடுத்தமாதிரிப் போயிடும். அப்ப அடிக்காமல் விட்டால்? விட்டாலும் போறாள். காலமையே அவளின்ரை உடுப்புப் பாக் வாசலிலை வைச்சுக் கிடக்கு. ஆர் வைச்சது எண்டு கேட்டன், அரசி சட்டிக்குள்ளை பாத்துக்கொண்டு நிண்டாள். சாருவிட்டைக் கேட்டன், போறியோ பிள்ளை? யன்னலாலை இந்த அடுப்பைப் பாத்துக்கொண்டு, தெரியேல்லையப்பா எண்டாள். போகாதை எண்டு நான் சொல்லியிருக்கவேணும். ஏன் சொல்லேல்லை? சொல்லி, அதைக் கேக்காமல் அவள் போனால் என்ன செய்யிறது எண்ட பயம். இப்ப போய்ச் சொல்லுவமோ? தாச்சியை விட்டிட்டு எப்பிடிப் போறது? பார், என்ன மாதிரி யோசிக்கிறன் எண்டு. தாச்சியாம்.

கார். வாசலிலை கல்லு நெரியிற சத்தம். கதவு அடிக்குது. வீட்டு முன்கதவாலை போகேல்லை, நேரை பின்னுக்குத்தான் வாறான். கறுத்தக் குளிர்ச்சட்டை, கையிலை ஒரு மாம்பழப் பெட்டி. கையை முறிச்ச வீட்டுக்கு மாம்பழத்தோடை வாறான். என்ன மாமா, உங்களுக்கு இண்டைக்கும் காய்ச்சலோ எண்டு கேக்கிறான். அதே பகிடி, அதே சிரிப்பு. "சாரு எங்கை?" எண்டுறான். "உள்ளுக்கு." "கூப்பிடுங்கோ மாமா. ரோட்டு உறைய முதல் வெளிக்கிடவேணும்." நான் கூப்பிடேல்லை. அகப்பையைத் தாச்சிக்குள்ளை விட்டு நிறைய அள்ளிறன். தூக்கிறன். ஆவி பறக்குது, கையுறைக்குள்ளை வேர்க்குது. அவன் என்னைப் பாக்கேல்லை, நான் நினைச்சபடி தாச்சியைத்தான் குனிஞ்சு பாக்கிறான், தன்ரை ஒட்டுகளைப் பாக்கிறான். மூஞ்சை இந்தா, கைக்கெட்டின தூரத்திலை. இப்ப. இப்பவெண்டால் இப்ப. குசினிக் கதவு திறக்குது.

சாரு வாறாள். தோளிலை குளிர்ச்சட்டை, வலக்கை கட்டுக்குள்ளை, இடக்கையிலை ஒரு சின்னக் கோப்பை. பட்டர். பதம் கிட்டினால் பொங்கும், பொங்கேக்கை ஒரு துண்டுப் பட்டர் போட்டால் உடனை அடங்கும், அதுக்காகத் தாய் குடுத்து விட்டிருக்கிறாள். நான் அவளின்ரை காலைப் பாக்கிறன். சப்பாத்துப் போட்டிருக்கிறாள், நாடா இறுக்கிக் கட்டிக் கிடக்கு. ஒரு கையாலை அவள் கட்டேலாது. அரசி குந்தியிருந்து கட்டி விட்டிருக்கிறாள். முடிஞ்சுது. போறாள். எனக்குள்ளை எல்லாம் வடிஞ்சு போகுது, அகப்பை பாரமாத் தொங்குது. "வெளிக்கிட்டிட்டீரோ? நல்லது" எண்டுறான். "கை எப்பிடி? வீக்கம் வத்திட்டுதோ?" அவள் வந்து தாச்சிக்கு மற்றப் பக்கத்திலை, விறகு பிளக்கிற குத்திக்குப் பக்கத்திலை நிக்கிறாள். அப்பத்தான் பொங்கத் துவங்குது. நடுவிலை ஒரு நுரை, பிறகு அவ்வளவு தாச்சியும் பொன்னிறமா ஏறுது. நான் காணுறன். கண்டும் அசையேல்லை. "மாமா, பொங்குது" எண்டுறான். "மாமா!" நான் நிக்கிறன். "சாரு, பட்டரைப் போடும்." அவள் கோப்பையைப் பிடிச்சபடி நுரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். "போடுமன்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?" நுரை விளிம்புக்கு வந்திட்டுது. வழிஞ்சு நெருப்பிலை விழுந்து சீறுது. அவன்ரை மூஞ்சை மாறுது. இந்த மூஞ்சையை நான் இதுக்கு முதல் கண்டதில்லை, சாரு கண்டிருக்கிறாள். "போடடி! கேக்கேல்லையே உனக்கு? போடடி நாயே!"

குசினி யன்னலுக்குப் பின்னாலை அரசி நிக்கிறாள். அவளுக்கும் கேட்டிட்டுது, கையிலை இருந்த துடைக்கிற துணி வாயிலை. சாரு போடேல்லை. அவன் மாம்பழப் பெட்டியை எறிஞ்சுபோட்டுப் பாய்ஞ்சு தாச்சியைத் தூக்கப் போனான், ரெண்டு கையாலையும், மரம் போடாத அந்த இரும்புக் கைபிடியை. ஐயோ எண்ட சத்தம் பக்கத்துக் காணிவரைக்கும் கேட்டிருக்கும். பிடிச்ச கையை விடேக்கை தோல் கொஞ்சம் இரும்போடை நிண்டிட்டுது. அவன் ஐயோ ஐயோ எண்டு துள்ளுறான், மாம்பழம் சேத்துக்குள்ளை உருளுது. என்ரை அகப்பை தானாச் சரிஞ்சு, பாணி பனியிலை விழுந்து இறுகிக் கிடக்கு. பிறகு அவன் அழுதுகொண்டு சாருவுக்கு முன்னாலை கையை நீட்டினான். மெய்யாவே நீட்டினான், ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு. "சாரு, பாரும், கை... பாரும்..." நாய்க்கு முள்ளெடுத்தவள். அவள் குனிஞ்சு அந்தக் கையை வடிவாப் பாத்தாள். ஆறுதலாப் பாத்தாள்.

"ஒண்டும் இல்லை" எண்டாள். "ஐஸ் வையுங்கோ, சரியாப் போயிடும். சுத்திவரக் கிடக்குத்தானே."

தாச்சி புகையத் துவங்கிட்டுது. ஓரம் கறுத்து நடுவுக்கு வருது, காலமையிலையிருந்து நிண்ட நிலை எல்லாம் கருகிற மணம். பழக்கத்திலை என்ரை கால் தன்ரை பாட்டிலை போகுது, கையுறை போட்ட கை கைபிடிக்குப் போகுது. "விடுங்கோ அப்பா" எண்டாள். "எரியட்டும்." விட்டன். அவன் பனிக்குள்ளை முழந்தாளிலை இருந்து ரெண்டு கையையும் புதைச்சு வைச்சுக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கிறான். யன்னலைத் திறந்துபோட்டு அரசி கேக்கிறாள், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு, "பிள்ளை, அடிப்பிடிக்குதே? பட்டர் போடேல்லையே?"

"போடேல்லை அம்மா" எண்டு சாரு சத்தமாச் சொன்னாள். சொல்லிப்போட்டுக் கோப்பையைப் பக்கத்திலை வைச்சு, விறகுக் குத்தியிலை குந்தி, இடக்கையாலை சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் துவங்கினாள்.